உணவுக்குழாய் மூடிப் பிறந்த குழந்தையும் தலையுச்சியில் இருந்த புண்ணும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தாய்க்கு வயது 24. முதல் பிரசவம். ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. கணவர் சொந்தத் தாய்மாமன். குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டும் மாற்றியும் இதை எழுதுகிறேன்.

37 வாரம் முடிந்து, ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, எடை 2.3 கிலோ. பிறந்ததும் நன்றாக அழுதது, நிறமும் சரியாக இருந்தது. ஆனால் வாயில் நுரை நுரையாக எச்சில். உறிஞ்சி எடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி நுரை. குழந்தையை வெளியே கொடுத்ததும் அப்பத்தா வழக்கப்படி சேனை வைத்தார். விரலில் தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீர்தான், அரைக்கரண்டிகூட இருக்காது. குழந்தைக்குப் புரையேறி உதடு நீலமானது.

அப்போது பணியில் இருந்த செவிலியர் செய்ததை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும். மெல்லிய டியூப் ஒன்றை இடது மூக்கில் விட்டுப் பார்த்தார், போகவில்லை. வலது மூக்கில் விட்டார். சுமார் 10 செ.மீ. போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளவில்லை. பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, எச்சிலை அடிக்கடி உறிஞ்சிக்கொண்டே 108-இல் கூடவே ஏறி வந்தார். 'பால் கக்குது, சரியாகிரும்' என்று மூன்று நான்கு முறை பால் புகட்டி, நெஞ்சுச்சளி கட்டிய பிறகு வரும் குழந்தைகளையே நாங்கள் அதிகம் பார்க்கிறோம். இந்தக் குழந்தை பிறந்து ஆறு மணி நேரத்துக்குள், நுரையீரல் சுத்தமாக, மதுரைக்கு வந்து சேர்ந்தது. பிழைத்ததில் பாதிப் பங்கு அந்த டியூபை விட்டுப் பார்த்தவருக்கு.

எக்ஸ்ரேயில் சந்தேகத்துக்கே இடமில்லை. டியூப் மார்பின் மேல்பகுதியில் சுருண்டு கிடந்தது. வயிற்றில் காற்று தெரிந்தது. டியூப் இறங்காத வயிற்றுக்குள் காற்று போயிருக்கிறது என்றால் அது வேறு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். உணவுக்குழாயின் மேல் பாதி பை மாதிரி மூடியிருக்கிறது. கீழ்ப் பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டித் திறந்திருக்கிறது. இந்தக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 85 பேருக்கு இதே அமைப்புதான். கோளாறு மொத்தமாக 2,500 முதல் 4,500 பிரசவத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. அவ்வளவு அபூர்வம் ஒன்றும் இல்லை. பிரசவம் அதிகம் நடக்கும் எந்த மருத்துவமனையிலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது வந்தே தீரும்.

இதில் எச்சில் உள்ளே போவதைவிட மோசமானது, வயிற்று அமிலம் அந்தத் தவறான இணைப்பு வழியாக மேலேறி நுரையீரலில் இறங்குவது. முகத்தில் மாஸ்க் வைத்து பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தால் அந்தக் காற்றும் வயிற்றுக்குள் போய் உப்பி, நிலைமை மோசமாகும். அதனால் தலையை உயர்த்திப் படுக்க வைப்பது, மேல்பையிலிருந்து எச்சிலை இடைவிடாமல் உறிஞ்சுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையே முதல் வேலைகள்.

இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறு உறுப்பிலும் குறை இருக்கும். முதுகெலும்பு, ஆசனவாய், இதயம், சிறுநீரகம், கை கால் என்று வரிசையாகப் பார்ப்போம்; மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தால் அதை வேக்டெர்ல் என்ற தொகுப்பில் சேர்ப்போம். இந்தக் குழந்தையின் எக்கோவில் இதயம் சரி. பெருந்தமனி வழக்கம்போல இடப்பக்கம் வளைகிறது. சிறுநீரக ஸ்கேன் சரி. முதுகெலும்பு, ஆசனவாய், கட்டைவிரல், முன்கை எலும்பு எல்லாம் சரி.

சரியில்லாதவை இரண்டு. இடது மூக்கில் எந்த அளவு டியூபும் உள்ளே போகவில்லை. தலையுச்சியில், நடுக்கோட்டில், இரண்டு செ.மீ. அகலத்தில் வட்டமான ஒரு புண்.

மறுநாள் அறுவை சிகிச்சை. வலது மார்பில் நான்காவது விலா இடைவெளி வழியாக, நுரையீரல் உறையைத் திறக்காமல் பின்பக்கமாகப் போய், அசைகோஸ் சிரையைக் கட்டி, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்த இணைப்பைத் துண்டித்து மூடினோம். இரண்டு முனைகளுக்கும் இடைவெளி ஒன்றரை செ.மீ.தான், இழுவை அதிகமில்லாமல் சேர்ந்தது. 1941-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹைட் ஒரே அறுவையில் இணைப்பை மூடி, முனைகளையும் சேர்த்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். அடிப்படையில் இன்றும் அதே அறுவைதான். மாறியிருப்பது மயக்க மருந்து, வென்டிலேட்டர், நூலின் மென்மை, செவிலியர் கவனிப்பு. ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையும் பெரிய இதயக் கோளாறு இல்லாமையும் இருந்தால், நல்ல மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழாம் நாள் மருந்து விழுங்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கசிவு இல்லை. தாய்ப்பால் தொடங்கினோம்.

தலைப்புண்

குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களில் வெளியே வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மாதங்களில் தாய்க்குப் பனிக்குடத்தில் நீர் அதிகம். பிரசவத்தன்று கருவி வைத்து பனிக்குடத்தை உடைத்திருக்கிறார்கள். அந்தக் கருவி குழந்தையின் தலையில் பட்டுத்தான் புண் என்று குடும்பம் நம்பியது. 'கொக்கியப் போட்டுக் கிழிச்சுப்புட்டாக டாக்டரம்மா. தலையில பட்ட அடியிலதான் தொண்டையும் அடைச்சிருச்சு' என்றார் அப்பத்தா. உறவினர்கள் சிலர் அந்த மருத்துவமனை மேல் புகார் எழுதவும் தயாராக இருந்தார்கள்.

கீறல் பட்ட புண் இப்படி இருக்காது. கீறல் நீளமாக இருக்கும், சுற்றிலும் வீங்கிக் கன்றிப்போயிருக்கும், ரத்தம் கட்டியிருக்கும். இது அச்சுக் குத்தியதுபோல வட்டம், விளிம்பு சுத்தம், மேலே மெல்லிய படலம், முடி இல்லை, வீக்கமும் இல்லை. அந்த இடத்தில் தோல் கிழியவில்லை, தோலே உருவாகவில்லை. அப்ளேசியா கியூட்டிஸ் என்று இதைச் சொல்வோம். பெரும்பாலும் தலையுச்சியில்தான் வரும். தனியாக வந்தால் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கட்டுப்போட்டால் ஆறிவிடும், அந்த இடத்தில் முடி முளைக்காது, அவ்வளவுதான்.

ஆனால் தலையுச்சியில் தோல் இல்லை, மூக்கின் பின்வாசல் ஒரு பக்கம் அடைப்பு, உணவுக்குழாய் மூடியிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே குழந்தையிடம் இருந்தால் தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா?

கர்ப்பிணி அட்டையில் 'தைராய்டு, மாத்திரை எடுக்கிறார்' என்று எழுதியிருந்தது. மாத்திரையின் பெயர் இல்லை. நம் ஊரில் கர்ப்பிணிகளுக்குத் தைராய்டு என்றால் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சுரப்பு குறைவு, கொடுப்பது தைராக்ஸின், அது கருவுக்கு நல்லது, தேவையானதும்கூட. அட்டையைப் பார்த்த ஒவ்வொருவரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

'கழுத்து லேசா வீங்கி, நெஞ்சு படபடன்னு அடிக்கும் டாக்டர். கை நடுங்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்தது. சாப்பிட்டாலும் இளைச்சுக்கிட்டே போனேன்.'

'மாத்திரையை எப்போ நிறுத்துனீங்க?'

'அஞ்சாம் மாசம். படபடப்பு நின்னுருச்சு, அதான் நானா விட்டுட்டேன்.'

கணவர் வீட்டுக்குப் போன் போட்டு, மாத்திரை அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினார். கார்பிமசோல், 10 மில்லிகிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்தில் படபடப்பு நின்றதும் இயல்புதான். கிரேவ்ஸ் நோய் என்கிற இந்தச் சுரப்பு மிகை, கர்ப்பத்தின் பிற்பாதியில் தானாகவே தணிவதும் பிரசவத்துக்குப் பிறகு மறுபடி கிளம்புவதும் உண்டு.

கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது. மெத்திமசோல் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குத் தலைத்தோல் குறை இருப்பது 1972-இலேயே பதிவாகிவிட்டது. பின்னால் மூக்கின் பின்வாசல் அடைப்பு, உணவுக்குழாய் அடைப்பு, மார்புக்காம்பு இல்லாமை, தொப்புள் பகுதிக் குறைகள் என்று பட்டியல் நீண்டது. டென்மார்க்கில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேட்டை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. கருவின் ஆரம்பத்தில் இந்த மருந்து பட்ட குழந்தைகளில் 9.1 சதவீதத்தினருக்குப் பிறவிக்குறை, படாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கு. இந்தக் கணக்கில் சின்னக் குறையும் பெரிய குறையும் சேர்த்திதான். அதாவது மருந்து சாப்பிட்ட பத்துப் பேரில் ஒன்பது பேரின் குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. அதனால்தான் இந்தத் தொடர்பு அன்றாட அனுபவத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை.

நாட்கணக்கு

கரு உண்டாகி நாலாவது வாரம் ஆகும்போது தொண்டைக்குக் கீழே இருப்பது ஒரே குழாய். அதன் முன்பக்கத்தில் நுரையீரலுக்கான மொட்டு கிளம்பும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அந்த ஒற்றைக் குழாய் இரண்டாகப் பிரிந்து, முன்னது மூச்சுக்குழாயாகவும் பின்னது உணவுக்குழாயாகவும் ஆகிவிட வேண்டும். முன்பக்கச் செல்களில் என்.கே.எக்ஸ்2-1 என்ற மரபணுவும் பின்பக்கச் செல்களில் சாக்ஸ்2 என்ற மரபணுவும் ஓங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வரப்பு போட்டதுபோல எல்லை விழும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் முதலான பல சமிக்ஞைகள் அந்த எல்லையைச் சரியான இடத்தில் நிறுத்துகின்றன. எல்லை பிசகினால் இரண்டு குழாயும் முழுசாகப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒன்று பாதியில் நின்றுபோகும். புற்றுநோய் மருந்தான அட்ரியாமைசினைச் சினை எலிகளுக்குக் கொடுத்தால் குட்டிகளுக்கு இதே கோளாறு வருகிறது. இந்தப் பிரிவினை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த எலிகளும், பின்னால் மரபணு மாற்றிய சுண்டெலிகளும் கற்றுக்கொடுத்தது.

இப்போது நாட்காட்டியைப் பார்ப்போம். மருத்துவர்கள் வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கிலிருந்து. அந்தக் கணக்கில் குழாய் பிரிவது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள். கார்பிமசோல் அதிகம் கெடுதல் செய்யும் காலமும் ஆறு முதல் பத்து வாரம். இந்தப் பெண் நாள் தள்ளியதை உணர்ந்தது ஐந்தாவது வாரம். உறுதியாகட்டும் என்று காத்திருந்து, கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தது பதினோராவது வாரம். அன்றைக்கே யாராவது மாத்திரையைக் கண்டுபிடித்து மாற்றியிருந்தால்கூட இந்தக் குழந்தைக்குப் பயனில்லை. எல்லாம் முடிந்து போயிருந்தது. கேட்டிருக்க வேண்டிய இடம் கர்ப்பிணி அட்டை எழுதும் மேசை அல்ல. கல்யாண வயதில் ஒரு பெண்ணுக்கு முதல் சீட்டு எழுதப்பட்ட மேசை.

இருபதாவது வாரத்து ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. வயிற்றுப் பை நீரோடு தெரிந்தால் விழுங்குகிறது, வழி திறந்திருக்கிறது என்றுதான் ஸ்கேன் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும் குழந்தைக்கு அந்த வழியாகவே நீர் வயிற்றுக்குப் போய்ச் சேரும். பனிக்குட நீர் அதிகமானது ஒரு குறிப்புதான். ஆனால் அதற்கு வேறு காரணங்களும் பல. சுகர் பார்த்தார்கள், இல்லை, அதோடு விட்டுவிட்டார்கள். உலகம் முழுவதும் இந்த வகை பெரும்பாலும் பிறந்த பிறகுதான் தெரிய வருகிறது.

சொந்தத்தில் கட்டியதாலா?

குடும்பத்துக்குள் அடிபட்ட காரணங்கள் பல. ஐந்தாம் மாதம் கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி தின்றது, இரும்புச்சத்து மாத்திரை. இவற்றை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: ஐந்தாம் மாதத்தில் நடந்த எதுவும் இரண்டாம் மாதத்தில் முடிந்த வேலையைக் கெடுக்க முடியாது. அப்பத்தாவுக்கே அந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் கணவர் மெதுவாக, யாரும் இல்லாதபோது கேட்ட கேள்வி அப்படித் தள்ளக்கூடியது அல்ல. 'அக்கா மகளைக் கட்டுனதாலயா டாக்டர்?'

அந்த வீட்டில் மாமியார், மருமகளுக்கு அம்மாச்சி. பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவர்கள். அதனால் பழி எந்தப் பக்கம் போட்டாலும் தன் பக்கமே வந்து விழும். கணவரின் கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம்.

உணவுக்குழாய் அடைப்பு பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வருவது. ஒரு குழந்தைக்கு வந்த பிறகு அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் குழந்தைகளில்கூடப் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் வருகிறது. மரபணு மட்டுமே காரணம் என்றால் அப்படி இருக்காது. குரோமோசோம் கோளாறோ தனி மரபணுக் கோளாறோ பத்தில் ஒருவரிடம்தான் காண முடிகிறது. எட்வர்ட்ஸ், டவுன் நோய்க்குறிகள், ஃபெய்ன்கோல்ட் நோய்க்குறிக்கு எம்.ஒய்.சி.என். என்ற மரபணு, சார்ஜ் நோய்க்குறிக்கு சி.எச்.டி.7 என்ற மரபணு, கண் வளராமல் பிறக்கும் சிலருக்கு அதே சாக்ஸ்2. இவற்றில் பெரும்பாலானவை புதிதாக நேரும் மாற்றங்கள்; சொந்தத்தில் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

விதிவிலக்கு உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறை மரபணு சேர்ந்தால் வரும் நோய்கள் நெருங்கிய சொந்தத்தில் கூடும்; அவற்றில் ஃபான்கோனி ரத்தசோகை, உணவுக்குழாய் அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் சில சமயம் தென்படும். கட்டைவிரலும் முன்கை எலும்பும் சரியாக இருந்தாலும், தாய்மாமன் கல்யாணம் என்பதால், அந்த நோயைக் கண்டறியும் குரோமோசோம் உடைவுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். இயல்பு என்று வந்தது. சாதாரணக் குரோமோசோம் பரிசோதனையும் சரி. 'இந்தக் குறைக்கு உங்க கல்யாணம் காரணமில்ல. வேற நோய்க்கு அது காரணமாகலாம், அது வேற விஷயம்' என்று சொன்னேன். மாமன் மகள், அக்கா மகள் கல்யாணத்தை நான் ஆதரிக்கிறவள் அல்ல. ஆனால் செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டினால் அடுத்த முறை உண்மையைச் சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

தாய் பக்கத்துக் காரணங்களில் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய் முக்கியமானது. மதுரை வட்டாரத்தில் கார்பிமசோலைவிட அதைத்தான் அதிகம் தேட வேண்டும். குறிப்பாக வேக்டெர்ல் தொகுப்போடு வரும் குழந்தைகளில். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்தோம், இயல்பு. மாற்றுறுப்புப் பொருத்தியவர்களும் லூபஸ் நோயாளிகளும் சாப்பிடும் மைகோபினோலேட்டும் இந்தக் கோளாறோடு தொடர்புள்ளது. இந்தப் பெண் அதைச் சாப்பிடவில்லை.

ஆக, கார்பிமசோல்தான் என்று அடித்துச் சொல்லலாமா? ஒரு தனிக் குழந்தையில் நிரூபிக்க வழியில்லை. சுரப்பு மிகையே குறைக்குக் காரணம், மருந்து அல்ல என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் அபூர்வமான மூன்று குறைகள் ஒன்றாக வந்ததும், மருந்து சாப்பிட்ட நாட்கள் சரியாகப் பொருந்துவதும், மற்றவற்றைத் தேடியும் கிடைக்காததும் சேர்ந்து என் பார்வையில் போதுமானவை. அறிக்கையில் 'பெரும்பாலும் மருந்தால்' என்று எழுதினோம். நம் வார்டுகளில் 'காரணம் தெரியாது' என்பது தேடுவதற்கு முன்பே சொல்லப்படுகிறது. பல குழந்தைகளுக்கு அதுவே கடைசி விடையாகவும் இருக்கலாம்; ஆனாலும் தாயின் மாத்திரை அட்டையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது.

தாயிடம் இதைச் சொன்ன விதம் பற்றி: முதலில் சொன்னது, நீங்கள் சாப்பிட்ட மாத்திரை தேவையான மாத்திரை என்பதுதான். கட்டுப்படாத சுரப்பு மிகையோடு கர்ப்பம் தரித்தால் கருச்சிதைவு, ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம் எல்லாம் வரும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் புரோபைல்தயோயுராசில் என்ற மாற்று மருந்து கொடுக்கலாம். அதுவும் முற்றிலும் தீங்கற்றது அல்ல, டென்மார்க் கணக்கில் அதற்கு 8 சதவீதம், ஆனால் குறைகள் பெரும்பாலும் லேசானவை. ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதையே எப்போதும் கொடுப்பதும் இல்லை. புகார் எழுதும் பேச்சு அதோடு நின்றது.

இப்போதைய நிலை

குழந்தைக்கு 14 மாதம். தையல் இடம் சுருங்கியதால் இரண்டு முறை மயக்கம் கொடுத்து விரிவாக்கினோம். மூன்றில் ஒருவருக்கு இது தேவைப்படுகிறது. இட்லியைப் பாலில் மசித்துக் கொடுத்தால் இறங்குகிறது, சப்பாத்தி இறங்கவில்லை. கரகரவென்று நாய் குரைப்பதுபோன்ற இருமல் இருக்கிறது; மூச்சுக்குழாய்ச் சுவர் தளர்ந்திருப்பதால் வருவது, வயது ஏற ஏறக் குறையும். பக்கத்து வீட்டார் காசம் என்று பயந்ததால் அதை எழுதியே கொடுத்தோம். தலைப்புண் ஆறாவது வாரத்தில் ஆறியது. மூக்கின் வலப்பக்கம் நன்றாக இருப்பதால் இடப்பக்க அறுவைக்கு அவசரமில்லை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் தைராய்டைத் தூண்டியிருக்கலாம் என்று முதல் வாரத்திலிருந்தே பார்த்து வந்தோம், இயல்பாக இருக்கிறது.

தாய்க்குப் பிரசவமான நான்காம் மாதம் படபடப்பு மறுபடி வந்தது. கார்பிமசோலே மீண்டும் தொடங்கினோம். நாளுக்கு 20 மில்லிகிராமுக்குள் என்றால் தாய்ப்பால் கொடுக்கலாம். அடுத்த குழந்தைக்கு முன் மூன்று வழி சொல்லியிருக்கிறோம்: தைராய்டை அறுவை செய்து எடுத்துவிடுவது, கதிரியக்க அயோடின் குடித்து ஆறு மாதமாவது பொறுப்பது, அல்லது கருத்தரிக்க முயலும் முன்பே மருந்தை மாற்றிக்கொள்வது. அயோடின் என்றால் கொஞ்ச நாள் குழந்தையைத் தூக்காமல் தள்ளி இருக்க வேண்டும், பாலையும் முன்னதாகவே நிறுத்த வேண்டும் என்றதும் அதை வேண்டாம் என்றுவிட்டார். அறுவைக்குச் சம்மதித்திருக்கிறார். சுரப்பு அளவு இயல்புக்கு வந்ததும் தேதி குறிப்பார்கள். அதுவரை காப்பர்-டி போட்டிருக்கிறது.